இரவில் எரிந்த அடுப்பு: ஒரு பாயா பானையின் எரிவாயுக் கணக்கு

ஆட்டுக்கால் சீக்கிரம் வேகாது. அதில் சதை குறைவு. தோல், நரம்பு, ஜவ்வு, எலும்பு இவைதான் அதிகம். ஜவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டினாக மாறினால்தான் பாயாவுக்கு அந்தப் பிசுபிசுப்பு வரும். உதட்டில் ஒட்டும், ஆறினால் உறையும், மூட்டைப் பிடித்துத் திருகினால் கழன்று வரும். இந்த மாற்றம் 70 டிகிரிக்கு மேல் மெதுவாக நடக்கும், 90-ஐ நெருங்கினால் வேகமெடுக்கும். பானை தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. சூடும் நேரமும் கிடைத்தால் கொலாஜன் கரையும். அடுப்பு எரிகிறதா அணைந்துவிட்டதா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பானை ஆறாமல் இருந்தால் போதும்.

மெதுவாக வேகும் குழம்புகளில் எரிபொருளைச் சேமிக்க எந்த வழியை எடுத்தாலும் அது இந்த ஒரு உண்மையில்தான் வந்து நிற்கும். இதை ஒரு வீட்டின் பாயாவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதன் முழு விவரம் இது.

வீடும் பழக்கமும்

வீடு போடிநாயக்கனூரில், என் அத்தையுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பேருக்கு இடியாப்பமும் பாயாவும். ஆட்டுக்கால் ஒரு கிலோ. கடையிலேயே சுட்டு, சுரண்டி, வெட்டி வாங்கி வந்துவிடுவார்கள். சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்து ஒன்பதரை மணிவாக்கில் அலுமினியக் குண்டானில் மூன்று லிட்டர் தண்ணீர் வைத்து ஏற்றுவார். கொதி வந்ததும் சிம்மில் வைத்து, தட்டைச் சற்று விலக்கி மூடிவிட்டுப் படுப்பார். ஒன்றரை மணிக்கு எழுந்து அணைப்பார். நடுவில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று ஒருமுறை பார்த்து, வெந்நீர் ஊற்றுவதும் உண்டு.

விறகடுப்பு இருந்த காலத்தில் இதே வீட்டில் பாயாவுக்கு யாரும் கண் விழித்ததில்லை. பெரிய அடுப்பில் இரவுச் சமையல் முடிந்ததும் பானையைக் கொடியடுப்புக்கு மாற்றிவிடுவார்கள். பக்கத்து அடுப்பிலிருந்து ஒதுங்கி வரும் அனலிலேயே அது வெந்துகொண்டிருக்கும். விறகு அணைந்த பிறகு தணலும் சாம்பலும் விடியும் வரை சூட்டைக் காத்தன. மண்ணால் செய்த அந்த இரட்டை அடுப்பு வீணாகும் சூட்டைப் பிடித்து இரண்டாவது பானைக்குக் கொடுத்த ஒரு நல்ல கண்டுபிடிப்பு. எரிவாயு அடுப்பு வந்தபோது புகை போனது, கண்ணெரிச்சல் போனது, நல்லதுதான். கூடவே தணலும் போனது. அணைத்த நிமிடமே பானை ஆறத் தொடங்கும் அடுப்பில், தணல் செய்த வேலையையும் எரியும் தீயே செய்ய வேண்டியதாயிற்று.

வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று முதலில் கேட்டது அத்தைதான். "ஏப்பா, ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சு அடுப்ப அணைக்கிறது இனிமே என்னால ஆகாது. காத்துல தீ அணைஞ்சு போயி கேஸ் மட்டும் வந்துக்கிட்டு இருந்தா என்ன செய்யிறது?" இந்தப் பயம் நியாயமானது. தீ அணைந்தால் தானாக எரிவாயுவை நிறுத்தும் வசதி நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான அடுப்புகளில் இல்லை. சன்னலைச் சாத்திய சமையலறையில் மணிக்கணக்கில் சுடர் எரிவதும் மூச்சுக்கு நல்லதில்லை.

எரிவாயு எங்கே போகிறது

சிலிண்டரை எடை போட்டு இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். வெறும் உருளையோடு சேர்த்து முப்பது கிலோ வரும் ஒன்றில் ஐம்பது கிராம் கூடியதா குறைந்ததா என்று வீட்டுத் தராசு சொல்லாது. அதனால் கணக்கை இயற்பியலிலிருந்து போட்டோம். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். எது பெரியது எது சிறியது என்பது மாறாது.

எடுத்துக்கொண்ட அடிப்படைகள்: ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் சுமார் 46 மெகாஜூல் வெப்பம். வீட்டு எரிவாயு அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சத் திறன் 68 விழுக்காடு. அதாவது எரியும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் பானைக்குள் போகிறது. ஆட்டுக்கால் ஒரு கிலோ, தண்ணீர் மூன்று லிட்டர், பானை ஒரு கிலோ.

இதையெல்லாம் 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 37 கிராம் எரிவாயு போதும். இதுவரை தேவையான செலவு. இதைக் குறைக்க முடியாது, தண்ணீரைக் குறைத்தால் தவிர.

அடுத்த நான்கு மணி நேரத்தைப் பாருங்கள். சிம்மில் இருந்தாலும் விலக்கி மூடிய பானையிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருக்கும். இரவு முழுவதற்கும் ஒரு லிட்டர் ஆவியானதாக வைத்துக்கொள்வோம். அத்தை ஊற்றும் வெந்நீரைப் பார்த்தால் அதற்குக் குறையாது. ஒரு லிட்டர் கொதிநீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். அடுப்பின் திறனையும் சேர்த்தால் 72 கிராம் எரிவாயு. மொத்தப் பானையையும் கொதிக்க வைக்க ஆனதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வெறும் ஆவியாகக் கூரைக்குப் போயிருக்கிறது. பானையின் பக்கங்களிலிருந்து காற்றுக்குப் போகும் சூடு சுமார் 100 வாட் என்று கொண்டால் நான்கு மணி நேரத்துக்கு இன்னும் 46 கிராம்.

மொத்தம் 155 கிராம். கால் வேகத் தேவையான சூட்டைப் பானைக்குள் ஏற்றியது இதில் நான்கில் ஒரு பங்கு. மீதி நான்கில் மூன்று பங்கும், இழந்த சூட்டைத் திரும்ப நிரப்பவே எரிந்தது.

கணக்கைக் காட்டியதும் அத்தை கேட்ட கேள்வி நேரானது: "அப்ப இழக்காம பாத்துக்கிட்டா அடுப்பே வேணாமா?"

ஆமாம். கொதி வந்த பிறகு வேண்டாம்.

முதல் மாற்றம்: குக்கர்

பிரஷர் குக்கர் அந்த வீட்டில் இருக்கிறது. பருப்புக்கும் கறிக்கும் அதுதான். பாயாவுக்கு மட்டும் எடுப்பதில்லை. ருசி வராது என்ற எண்ணம். அந்த எண்ணத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

குக்கரில் வெயிட் ஏறிய நிலையில் உள்ளே சுமார் 120 டிகிரி வரை போகும். திறந்த பானையில் மணிக்கணக்காகும் கொலாஜன் மாற்றம் அந்தச் சூட்டில் முக்கால் மணி நேரத்தில் முடிகிறது. மூடி இறுக்கமாக இருப்பதால் ஆவி இழப்பும் சிறிது. தண்ணீர் வற்றாது என்பதால் இரண்டேகால் லிட்டர் வைத்தாலே போதும். ஐந்து லிட்டர் குக்கரில் கால், தண்ணீர் இரண்டும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கும், அதற்கு மேல் நிரப்பவும் கூடாது. அழுத்தம் ஏற 41 கிராம், முக்கால் மணி நேரம் சிம்மில் தாக்குப்பிடிக்க 27 கிராம். மொத்தம் 70 கிராமுக்குச் சற்றுக் குறைவு. திறந்த பானையில் ஆனதில் பாதிகூட இல்லை.

பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கும் இதே திசையில்தான் இருக்கிறது: சாதாரணப் பாத்திரத்தோடு ஒப்பிட்டால் குக்கரில் அரிசிக்கு 20 விழுக்காடு, ஊறவைத்த கடலைப்பருப்புக்கு 46, இறைச்சிக்கு 41.5 விழுக்காடு எரிபொருள் மிச்சம். நீண்ட நேரம் வேகும் பொருளில் பெரும்பாலும் மிச்சமும் கூடுகிறது. அரிசியில் குறைவு, கறியில் அதிகம், காலில் அதைவிட அதிகம்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். "பாயாவுக்குப் பதினஞ்சு விசில்" என்று எண்ணிச் சமைப்பது நம் ஊர் முழுக்க உண்டு. ஒவ்வொரு விசிலும் அழுத்தம் அளவுக்கு மேல் போனதால் வெளியேறும் நீராவி. பெரிய தீயில் வைத்துப் பதினைந்து முறை கூவ விட்டால், மூடி மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதியைத் திரும்ப ஆவியாக விடுகிறோம். முதல் விசில் வந்ததும் சின்ன பர்னருக்கு மாற்றிச் சிம்மில் வைத்தால், உள்ளே அதே அழுத்தம், அதே சூடு. வெயிட்டின் அடியில் லேசான புசுபுசுப்பு கேட்டால் சரியான அளவு. எண்ண வேண்டியது நிமிடத்தை.

இரண்டாவது: பெட்டி

போடியிலிருந்து மலை ஏறினால் இடுக்கி. அறிவியலை மக்களிடம் கொண்டு செல்லும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பு, புகை குறைந்த பரிஷத் அடுப்போடு சேர்த்துப் பரப்பிய சூடாறாப்பெட்டி அந்தப் பக்கத்து வீடுகளில் பழக்கமான பொருள். ஒரு கொதி வந்த அரிசியைப் பானையோடு பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டால் சோறு தானாக வெந்துவிடும். இன்று கடைகளில் விற்கும் தெர்மல் ரைஸ் குக்கர் அதன் தம்பி.

இந்த எண்ணம் பல ஊர்களில் தனித்தனியாகப் பிறந்தது. வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் கொதிக்கும் பாத்திரத்தை வைப்பது ஐரோப்பிய நாட்டுப்புறப் பழக்கம். 1867-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் நார்வேயைச் சேர்ந்த ஒருவர் அதைத் தானே சமைக்கும் கருவியாகக் காட்சிக்கு வைத்தார். உலகப் போர்க் காலத்தில் எரிபொருள் பஞ்சம் வந்தபோது பிரிட்டனில் வைக்கோல் பெட்டி வீட்டுக்கு வீடு வந்தது. ஓய்வு நாளில் தீ மூட்டக் கூடாது என்ற விதி உள்ள யூதர்கள், வெள்ளி மாலை பொழுது சாயும் முன்பே இறைச்சியும் பயறும் கோதுமையும் போட்ட பானையை அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்து மறுநாள் மதியம் சாப்பிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 2008-இல் மின்வெட்டு வாட்டியபோது சாரா காலின்ஸ் என்பவர் நுரைத் துணுக்குகள் அடைத்த துணிப்பையைச் செய்தார். வொண்டர்பேக் என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. டெல்லியில் நிஹாரி என்ற இறைச்சிக் குழம்புக்கு மூடியைச் சுற்றி மாவு ஒட்டித் தணலில் விடுவதும், ஆம்பூரில் பிரியாணி அண்டாவின் மூடி மேல் கங்கு கொட்டித் தம் போடுவதும் இதே வேலைதான்: ஆவியை அடை, சூட்டை அடை.

எங்களுக்கு வைக்கோலைவிட நல்ல பொருள் கையருகே இருந்தது. போடி இலவம்பஞ்சுக்குப் பேர் போன ஊர். ஒவ்வொரு இழையும் உள்ளே காற்றை வைத்திருக்கும் வெற்றுக் குழல். அதனால் சூடு கடப்பது மிகவும் கடினம். அத்தை வீட்டில் பழைய தலையணைகளுக்குக் குறையில்லை.

பெட்டி இப்படி அமைந்தது. மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று, நன்றாகக் கழுவிக் காயவைத்தது. அடியில் மடித்த கோணி, அதன் மேல் தட்டையான பஞ்சுத் தலையணை. பானையைப் பழைய பருத்திப் புடவையால் இரண்டு சுற்றுச் சுற்றி இறக்கி, நான்கு பக்கமும் பஞ்சைத் திணித்து, மேலே இன்னொரு தலையணை, பிறகு பெட்டி மூடி. எந்தப் பக்கத்திலும் பஞ்சு நான்கு விரல் கனத்துக்குக் குறையக் கூடாது. தெர்மாகோலில் கொதிக்கும் பானை நேராகப் பட்டால் அது இளகிக் குழியும், ஆகவே இடையில் துணியும் பஞ்சும் கட்டாயம். இலவம்பஞ்சு தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் பொருள். பெட்டி அடுப்பு மேடையில் இருக்கவே கூடாது. அத்தை வீட்டில் அது சமையலறைக்கு வெளியே, நடையின் மூலையில் இருக்கிறது.

இப்படிச் சுற்றிய பானையிலிருந்து சூடு கசியும் வேகம் தொடக்கத்தில் 17, 18 வாட். திறந்த பானையில் பக்கவாட்டு இழப்பு மட்டுமே 100 வாட் என்று பார்த்தோம். இரவு பத்து மணிக்கு 98 டிகிரியில் உள்ளே போனது, ஒரு மணிக்கு 85 அருகில் இருக்கும், காலை ஆறு மணிக்கு 65-க்கும் 70-க்கும் நடுவில் நிற்கும். இது கணக்கு, காலையில் கம்பி வெப்பமானியைச் செருகிப் பார்த்தபோதும் அந்த எல்லைக்குள்தான் காட்டியது. மூடியைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடித்தது. எட்டு மணி நேரமாக அந்த வீட்டில் தீ இல்லை.

எரிவாயு (இங்கும் தண்ணீர் வற்றாது என்பதால் குக்கருக்கு வைத்த அளவே போதும்): கொதிவர 30 கிராம், மூடி வைத்து இருபது நிமிடம் கொதிக்கவிட 11, காலையில் மறுபடி தளதளவென்று கொதிக்க வைக்க 14. மொத்தம் 55 கிராம்.

வெந்ததா? தோலும் ஜவ்வும் நன்றாக வெந்திருந்தன. குழம்பில் பசை இருந்தது. பெரிய மூட்டுகளில் மட்டும் கொஞ்சம் பிடிப்பு மிச்சம். முதல் மூன்று மணி நேரம்தான் பானை 85-க்கு மேல் இருந்தது. முற்றின ஆட்டின் காலுக்கு அது போதவில்லை. கொண்டைக்கடலை, மொச்சை, காய்கறி இஷ்டு, கோழி என்றால் இதே பெட்டி தாராளமாகப் போதும்.

குக்கரையே பெட்டிக்குள்

குக்கரைச் சிம்மில் முக்கால் மணி நேரம் வைப்பதில் ஒரு வீண் செலவு ஒளிந்திருக்கிறது. அணைத்த பிறகு அதைச் சமையல் மேடையில் வைத்துவிடுகிறோம். 120 டிகிரியில் இருக்கும் நாலு கிலோ பண்டமும் உலோகமும் கால் மணி நேரத்தில் அழுத்தம் இழந்து, பிறகு அறையைச் சூடாக்கிக்கொண்டே ஆறும். அந்தச் சூட்டுக்கு ஏற்கனவே எரிவாயு செலவாகிவிட்டது. அதை ஏன் விட வேண்டும்?

ஆகவே அழுத்தம் ஏறியதும் பத்து நிமிடம் மட்டும் சிம்மில் வைத்து, அணைத்து, புசுபுசுப்பு அடங்கிய பிறகு குக்கரையே புடவை சுற்றிப் பஞ்சுக்குள் இறக்கியாயிற்று. நல்ல காப்பு இருந்தால் உள்ளே சூடு நூறு டிகிரிக்குக் கீழே இறங்கவே கணக்குப்படி ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ரப்பர் கேஸ்கெட்டில் சிறு கசிவு இருந்தால் அது குறையும். இரண்டு மணி நேரம் கிடைத்தாலும் காலுக்கு மிகுதி. காலையில் 75-க்கு மேல் இருக்கும். எரிவாயு 47 கிராம், காலையில் திரும்பக் கொதிக்க வைக்க 10 சேர்த்தால் 57. மாலை ஐந்து மணிக்கு இறக்கி இரவு எட்டரைக்குச் சாப்பிடுவதாக இருந்தால் திரும்பக் கொதிக்க வைக்கும் செலவும் இல்லை.

ஞாயிறு காலையில் அந்தப் பாயாவில் மூட்டு தானாகக் கழன்றது. இரவு நடுவில் எழுந்திருக்கவில்லை. அத்தை இதைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொண்டார்.

குக்கரைச் சுற்றுவதில் கவனிக்க வேண்டியவை உண்டு. தீயின் மேல் இருக்கும்போது எதையும் சுற்றக் கூடாது. வெயிட்டை எதனாலும் கட்டவோ அழுத்தவோ கூடாது. குக்கரைத் தொட்டுக்கொண்டிருப்பது பருத்தியாக இருக்க வேண்டும், நைலானோ ரெக்சினோ நுரைப் பஞ்சோ கூடாது. எடுக்கும்போது சாய்க்காமல் எடுக்க வேண்டும். நூறுக்குக் கீழே ஆறின குக்கரின் உள்ளே ஆவி சுருங்கி மூடியை உள்ளுக்கு இழுத்துப் பிடித்திருக்கும். வெயிட்டைத் தூக்கிக் காற்றை உள்ளே விட்டால் எளிதாகத் திறக்கும். பலவந்தமாகத் திருகத் தேவையில்லை.

ருசி

குக்கர் பாயாவைப் பற்றி அத்தை சொன்ன குறை உண்மையானது. திறந்த பானையில் தண்ணீர் வற்றும்போது குழம்பு இறுகுகிறது, மேலே படரும் கொழுப்பும் மசாலாவும் சேர்ந்து ஒரு நிறம் பிடிக்கிறது. பெட்டியிலும் குக்கரிலும் எதுவும் வற்றாது, எதுவும் சிவக்காது. அவற்றுக்கு ஏற்பச் சமையலின் வரிசையை மாற்ற வேண்டும்.

அத்தை மாற்றிய விதம் இது. ஆட்டுக்காலை முதலில் மஞ்சளோடு ஒரு கொதி விட்டு நுரையை எடுத்துவிடுகிறார். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை நல்லெண்ணெயில் நிறம் மாறும் வரை வதக்கி, மிளகு, சீரகம், மல்லியை வறுத்து அரைத்துச் சேர்த்து, எண்ணெய் பிரிந்த பிறகே தண்ணீர் ஊற்றுகிறார். உள்ளூர் ஏலக்காய் இரண்டு தட்டிப் போடுகிறார். பச்சை வாசனை எல்லாம் தீ எரியும் நேரத்திலேயே போய்விட வேண்டும்; மூடிய பிறகு அதற்கு வழியில்லை. தேங்காய் அரைத்த விழுது காலையில் திரும்பக் கொதிக்கும்போதுதான் சேரும். எப்படியும் அந்தக் கொதி தேவை என்பதால் இதற்குத் தனிச் செலவில்லை. மூடிய பானையில் வாசனைப் பொருளின் எண்ணெய் ஆவியாகப் போகாமல் குழம்பிலேயே நிற்கிறது; மிளகையும் ஏலத்தையும் முன்பு போட்டதைவிடக் குறைத்தே போடுகிறார். என் நாக்குக்கு இந்தப் பாயா பழையதைவிட நன்றாக இருக்கிறது. மாமாவுக்கு இன்னும் பழையதுதான் பிடிக்கிறது.

பெட்டி எங்கே ஆபத்து

இந்தப் பகுதியை யாரும் தாவிப் போக வேண்டாம். 60 டிகிரிக்கு மேல் இருக்கும் வரை குழம்பில் கிருமி பெருகாது. அதற்குக் கீழே, குறிப்பாக 30-லிருந்து 50 வரை, கறிக் குழம்பு கிருமிகளுக்கு மிகவும் ஏற்ற இடம். கொதித்தாலும் சாகாத வித்துகளை உடைய கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமி இறைச்சியில் சாதாரணமாக இருக்கும். மெதுவாக ஆறும் பெரிய பானையில்தான் அது பெருகும். சில கிருமிகள் விடும் நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது.

பெட்டியின் வெற்றி அளவில் இருக்கிறது. முக்கால் பானை நிறைந்திருந்தால் எட்டு மணி நேரம் 60-க்கு மேல் நிற்கும். அதே பானையில் பாதிதான் இருந்தால், உள்ளே இருக்கும் சூடு பாதி, கசியும் பரப்போ அதேதான். காலையில் 52, 53-க்கு வந்துவிடும். வீட்டில் ஆள் குறைந்த ஒரு வாரம் அரைக் கிலோ ஆட்டுக்காலை அதே குண்டானில் வைத்தபோது அப்படித்தான் ஆனது. வெப்பமானி 60-க்குக் கீழே காட்டியது, எப்போது இறங்கியது என்று தெரிய வழியில்லை, பாயாவைக் கொட்டிவிட்டோம். அரைக் கிலோ கால் போனது வருத்தம்தான். ஆனால் அந்த முடிவு சரி. குறைந்த அளவுக்குச் சிறிய பாத்திரம், அல்லது குக்கரில் முழுதாக வேகவைத்து முடிப்பது.

ஆகவே கம்பி வெப்பமானி ஒன்று பெட்டியோடு சேர்ந்த கருவி என்றே கொள்ள வேண்டும். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கவும் கூடாது. ஒருமுறை திறந்தால் மேல் பஞ்சின் சூடும் ஆவியும் போய்விடும்.

ராஜ்மாவுக்குத் தனி எச்சரிக்கை. பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் உண்டு. தளதளக்கும் கொதியில்தான் அது அழியும். 80 டிகிரி போன்ற இளஞ்சூட்டில் வைத்தால் அதன் வீரியம் கூடவும் செய்யும். இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே அதைப் பெட்டிக்கோ, இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின் ஸ்லோ குக்கருக்கோ அனுப்பலாம்.

மின் ஸ்லோ குக்கர் வாங்கலாமா

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அத்தைக்கு அதை வாங்கித் தருவதாகச் சொன்னதால் இதையும் கணக்கில் சேர்த்தோம். வீட்டு அளவு ஸ்லோ குக்கர் ஒன்று சராசரி 150 வாட் இழுப்பதாக வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு 1.2 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் பையில் வலி தெரியாமல் போகலாம். ஆனால் நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. அந்தக் கணக்கில் ஒரு பாயாவுக்கு 840 கிராம். நான்கு மணி நேரம் எரிவாயுவில் கொதித்த திறந்த பானை 155 கிராமுக்கு விடுவது 470 கிராம்தான். மெதுவாக, குறைந்த வாட்டில் என்பதால் ஸ்லோ குக்கர் சிக்கனமாகத் தெரிகிறது. உண்மையில் அது காப்பு போதாத பாத்திரம். கசிந்துகொண்டே இருக்கும் சூட்டை மின்சாரம் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் பகலில் அதைப் பயன்படுத்தினால் கதை வேறு. அத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்குப் பெட்டி இன்னும் பொருந்தும். அதன் திறன் 85 விழுக்காட்டை ஒட்டி வரும். கொதிவர அரை யூனிட்டுக்கும் குறைவு. மின்வெட்டு வந்தாலும் பெட்டிக்குள் போன பானைக்கு ஒன்றும் ஆகாது.

எவ்வளவு மிச்சம்

155 கிராமிலிருந்து 57-க்கு வந்தால் வாரத்துக்குச் சுமார் 98 கிராம், ஆண்டுக்கு ஐந்து கிலோ. 14.2 கிலோ சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு. இதைப் பெரிய பணம் என்று சொல்ல மாட்டேன். அத்தையும் பணத்துக்காகச் செய்யவில்லை, தூக்கத்துக்காகச் செய்தார்.

கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. சேமிப்பின் பெரும்பகுதி முதல் அடியிலேயே வந்துவிட்டது. திறந்த பானையை விட்டுக் குக்கருக்கு வந்ததில் 85 கிராம். பெட்டி அதற்கு மேல் தந்தது 10 முதல் 20 கிராம். குக்கர் மட்டும் உள்ள வீடு பெட்டி இல்லையே என்று குறைபட வேண்டியதில்லை. முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் வைத்து நிமிடம் எண்ணினாலே போதுமான அளவு வந்துவிடும். குக்கர் இல்லாத வீட்டில், விடுதி அறையில், விறகு வாங்கிச் சமைக்கும் வீட்டில் பெட்டிதான் பெரிய மாற்றம்.

மிச்சம் கூடுவது வாரநாள் சமையலில். அத்தை வீட்டில் பெட்டி இப்போது ஞாயிறைவிட மற்ற நாட்களில்தான் அதிகம் நிறைகிறது: கொண்டைக்கடலை, காய்ந்த மொச்சை, தட்டைப்பயறு. இரவு ஊறவைத்ததைக் காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கினால் மதியத்துக்கு வெந்திருக்கும். ஊறவைப்பதே தனிச் சேமிப்பு. கால் கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்தால் 22 விழுக்காடு எரிபொருள் மிச்சம் என்பது அந்த ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. பயறு வேகும் முன் புளியோ தக்காளியோ சேர்க்கக் கூடாது. புளிப்பு தோலை இறுக்கிவிடும், பெட்டியின் இளஞ்சூட்டில் அது பிறகு மசியவே மசியாது. போடியில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் அதே வேலையைச் செய்கிறது; பயறுக்கு அத்தை குடிதண்ணீரையே ஊற்றுகிறார்.